கேத்தல் போடாத வெள்ளிக்கிழமை

ஆலங்குடா
2024 ஒக்டோபர் 6

அன்பு மகன் றொபின்சனுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்பது உன் கடிதத்தில் இல்லை, திகதியும் இல்லை. தனியாக இருக்கும் அம்மா கேஸ் சிலிண்டர் வைத்திருக்கக் கூடாது, ஒன்று குசினியைக் கரண்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிலாபத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். குசினியை மாற்றுகிறேன். ஒரேயடியாக அல்ல. முதலில் கரண்ட் மிச்சம் பிடிக்கிற பல்புகள், பிறகு தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக் கரண்ட் கேத்தல். கேஸ் அடுப்பு கடைசியாகப் போகும். நான் போகமாட்டேன்.

உன் தாய்,
அனஸ்தாசியா

ஆலங்குடா
2025 பெப்ரவரி 9

அன்பு மகனுக்கு,

நீ ஏற்பாடு செய்த ஆட்கள் வந்து சோலார் பூட்டிவிட்டார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிக்கு நேரெதிரே என் கூரை வெயில் காய்கிறது. புது இன்டக்ஷன் அடுப்பு என் மண்சட்டிகளை மதிக்கவில்லை, சூடே ஏறவில்லை. காந்தம் ஒட்டுகிற சட்டி வாங்கி மீன்குழம்பு வைத்தேன். குறை சொல்ல ஆசைப்பட்டேன், முடியவில்லை. கடைசிச் சிலிண்டரைப் பக்கத்து வீட்டு நிரோஷன் நேற்றுக் கொண்டுபோனான். நீ கேட்டதெல்லாம் முடிந்தது. இனிச் சிலாபக் கதை வேண்டாம்.

உன் தாய்,
அனஸ்தாசியா

ஆலங்குடா
2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

றொபின்சனுக்கு,

சிலுவைப் பாதை முடிந்து வந்தால், குசினிக் கதவு உடைந்து கிடக்கிறது. உள்ளே நிரோஷன்.

"அன்ரி, நீங்க உயிரோடயா இருக்கிறீங்க?"

"உயிர்த்தெழும்புறது ஞாயிற்றுக்கிழமை, தம்பி. கதவை ஏன் உடைச்சாய்?"

அப்போதுதான் சொன்னான். என் வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை நீ வெரோனாவில் இருந்து போனில் பார்க்கிறாயாம். விடியக் கேத்தல் போடும்போது ஏறுகிற கோடு இன்று ஏறவில்லையென்று அவனுக்குப் போன் எடுத்தாயாம். எனக்குச் சொல்லாமல் என் குசினிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாய்.

அதையும் விடுகிறேன், கதவையும் விடுகிறேன். பெரிய வெள்ளியன்று இந்த வீட்டில் என்றைக்காவது அடுப்பு எரிந்ததா? பசியென்று நீ அழுதபோதும் அப்பா பச்சைத் தண்ணீர்தான் தந்தார். அதை எப்படி மறந்தாய்?

அனஸ்தாசியா

வெரோனா
2025 மே 4, பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு

அன்பு அம்மா,

இங்கே பெரிய வெள்ளிக்கு விடுமுறை இல்லை. அன்றும் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டுதான் போனைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியது. நீங்கள் போனும் எடுக்கவில்லை. நீங்கள் விழுந்து கிடப்பதுதான் கண்ணில் வந்தது. என்ன நாள் என்பது வரவில்லை. மறந்தது பிழை. சொல்லாமல் பார்த்ததும் பிழை. கரண்டைக் காட்டுகிற அந்த ஆப்பைப் போனில் இருந்து அழித்துவிட்டேன். சிலாபத்தைப் பற்றியும் இனிக் கேட்கமாட்டேன்.

எழும்பியதும் கை மட்டும் இன்னும் போனைத்தான் தேடுகிறது.

மகன்,
றொபின்சன்

ஆலங்குடா
2025 மே 21

அன்பு மகனுக்கு,

திகதி போட்டிருக்கிறாய், நல்லது. அழித்ததைத் திரும்பப் போடு.

இத்துடன் கோவில் கலண்டர் வருகிறது. நான் அடுப்புப் போடாத நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன். கோட்டைப் பார்க்குமுன் கலண்டரைப் பார். செப்டம்பரில் இருக்கும் வட்டம் அப்பாவின் நினைவு நாள். அன்று பூசை முடிந்துவந்துதான் தேத்தண்ணீர்.

மற்ற நாட்களில் விடியக் கேத்தல் போடுவேன். உனக்கு அங்கே அது நடுச்சாமம். நித்திரை கொள். எழும்பிப் பார்.

அம்மா