துவைகல்லின் அடியில் அழகாயி

அண்ணே,

விரல் இடுக்கில் இன்னும் சாம்பல் ஒட்டியிருப்பதுபோலவே இருக்கிறது. உங்கள் கருமாதி முடிந்த மறுநாள், கண்மாய்க்கரையில் பெண்கள் துவைக்கிற கல் ஆடுகிறதென்று ஆள் வைத்துப் புரட்டினேன். அடிப்பக்கம் எழுத்து. சாம்பலைத் தேய்த்ததும் துலங்கியது: ‘இந்த மடை அழகாயி தர்மம்.’

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் கண்மாய் மடையைப் பழுது பார்த்தார்கள். பழைய கல் காணாமல் போனது. புதுக் கல்லில் நம் பூட்டனார் பெயர் ஏறியது. மடை கட்டியவர் வாரிசு என்று வருஷாவருஷம் தேங்காய் உடைத்து மடை திறந்தீர்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். நீங்கள் கழித்துப்போட்ட புத்தகங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தவள். பூட்டனாரைப் பெற்ற அழகாயிதான் மடை கட்டினாள் என்று கேள்விப்பட்டு, பொன்னமராவதிப் பக்கம் அவள் பிறந்த ஊருக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். அங்கே இன்றும் பொங்கல் பானை ஏற்றும்போது, ‘மடை கட்டுன அழகாயிக்கு’ என்று சொல்லித்தான் முதல் கைப்பிடி அரிசி போடுகிறார்கள்.

ஓடி வந்து உங்களிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி சிரித்தீர்கள்.

“ஏத்தா, பொம்பள கட்டுன மடையில தண்ணி நிக்குமா? நல்லாச் சோறு போட்டு ஒன்ன ஏமாத்தி விட்டுருக்காங்க.”

“அந்தப் பழைய கல்லு எங்கண்ணே?”

“எங்கிட்டுக் கெடக்கோ, யாரு கண்டா.”

நீங்கள் கண்டீர்கள். அன்று அதைத் துவைகல்லாகப் பதித்தவரும், இப்போது புரட்ட வந்தவருமான கிழட்டுக் கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “ஒங்கண்ணன்தான் ஆத்தா, எழுத்து அடியில கெடக்கட்டும்னாரு. பொம்பள பேரு இருந்தா, நாளைக்குப் பொம்பளைங்களும் மடை தொறக்க வருவாங்கன்னாரு.”

தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன். தெரிந்தே புதைத்துவிட்டு, என்னைக் கிறுக்கி என்று ஊரைச் சிரிக்க வைத்தீர்கள்.

கல்லை மடையருகே நிமிர்த்தி நட்டாயிற்று. துவைக்க வேறு கல் போட்டுக் கொடுத்தேன். இந்த வருஷம் உங்கள் மகன் தேங்காயைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்லைப் படித்தான். பிறகு தேங்காயை என்னிடம் நீட்டினான்.

“அப்பா இருந்தா விட்டிருப்பாங்களா அத்தே?”

“விடமாட்டாருடா. அவரு இருக்கும்போதே கல்லு எங்கன்னு கேட்டேன்; சொல்லலையே.”

மடையை நான்தான் திறந்தேன். தண்ணீர் எப்போதும்போலத்தான் போனது, அண்ணே.

ஆனால் பதினைந்து வருஷம் அந்தக் கல்மேல் நின்றுதான் துணி துவைத்திருக்கிறேன். உங்கள் வேட்டியையும் அதில்தான் அடித்துத் துவைத்தேன். அவள் பெயர் என் குதிகாலின் கீழ் கிடந்தது. செத்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாதாம். நான் வைத்திருக்கிறேன்.