பத்து நாளுக்குள் போட வேண்டிய கடிதம்

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காலை ஒன்பதுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. கடல் காற்று பேப்பரில் மட்டும்.

அமெரிக்காவிலிருந்து கடலூர் வந்து இறங்கியது ஞாயிறு. பெட்டியை இன்றுதான் திறந்தேன். பெரிய பெட்டியில்: பேத்தி வரைந்த படம் 2. மகன் பிரபு வாங்கிக் கொடுத்த வைட்டமின் டப்பா 4. நான் இங்கிருந்து சுமந்துபோன பருப்புப் பொடி 3 பாக்கெட், பிரிக்காமல். மருமகள் நித்யா பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். இவர் வேட்டி 6.

ஆறாவது வேட்டி கனத்தது. உள்ளே நீல ஃபைல்.

"என்னா இது?"

"சும்மா. ரிசார்ட்டு பேப்பரு."

"சும்மா குடுத்த பேப்பர எதுக்கு வேட்டியில சுத்தி வெக்கணும்?"

சட்டைப் பொத்தானைத் தடவினார். காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியதோடு பதினோரு வருஷம் பறக்கும் படையிலும் போனவள் நான். பிட் வைத்திருக்கிற பையன் விடைத்தாளைப் பார்க்க மாட்டான், பொத்தானைத்தான் தடவுவான்.

மதியத்துக்குள் துண்டு துண்டாக வந்தது. பேத்திக்குக் காய்ச்சல் என்று நான் மகன் வீட்டிலேயே இருந்த வியாழக்கிழமை, 5-ஆம் தேதி. பிரபு ஆபீஸ் போகிற வழியில் இவரை ஒரு ரிசார்ட்டில் இறக்கிவிட்டிருக்கிறான். அவர்கள் பேசுவதை ஒன்றரை மணி நேரம் கேட்டால் டிபன் இலவசம், பேத்திக்குப் பார்க் டிக்கெட் இலவசம். பேசியவன் தமிழ்ப் பையன், தினேஷ். சொந்த ஊர் பண்ருட்டியாம். பலாப்பழத்தைப் பற்றி அரை மணி நேரம்.

"மாமா மாமான்னு அவ்ளோ மரியாத. அவங்கிட்ட சாப்ட்டுட்டு எப்பிடி மூஞ்சில அடிச்ச மாதிரி எழுந்து வர்றது?"

ஆகவே வாங்கிவிட்டு வந்திருக்கிறார். வருஷத்தில் ஒரு வாரம், மார்ச் இரண்டாம் வாரம், அந்த ரிசார்ட்டில் ஒரு வீடு நமக்கு. முன்பணம் கார்டில் போய்விட்டது. மாதத் தவணை இவர் பென்ஷனில் பாதி, பத்து வருஷம். இவருக்கு வயது அறுபத்தெட்டு. அதற்கு மேல் பராமரிப்புச் செலவு ஆயுள் முழுக்க, நமக்குப் பிறகு வாரிசுக்கு. பக்கம் 52.

கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் மனுவில் குற்றம் கண்டுபிடித்த மனுஷன். எண்பத்து நான்கு பக்கம், பதினேழு இடத்தில் கையெழுத்து. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

கோபத்தில் சாம்பாரில் உப்பு போடவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் சரியாகப் படவில்லை.

மாலை பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பக்கம் 61. கையெழுத்திட்டு பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அந்த மாநிலத்துச் சட்டம். எழுத்தில் கேட்க வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. அனுப்பிய தேதிதான் கணக்கு, போய்ச் சேர்கிற தேதி இல்லை. இதெல்லாம் தடித்த எழுத்தில், இவர் கையெழுத்துக்கு நேர் மேலே.

5-இல் கையெழுத்து. 15-உடன் கெடு சரி. 15 ஞாயிறு. சனிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

ஜூன் 11, புதன்

மூட்டம், மழை இல்லை. விமானத்தில் வீங்கிய கால் இன்னும் வடியவில்லை, செருப்பு நுழையவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். மாவு.

கடிதம் நானே எழுதினேன். நான்கு வரி. ஒப்பந்த எண், தேதி, ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பவும். நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். இதை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

ஒரு வாதம் இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற மூன்று நாள் தர்க்கம் பண்ணியவர்.

"நாளைக்கு செதம்பரத்துல பென்ஷனர் சங்க மீட்டிங் இருக்கு. அங்கியே கொரியர்ல போட்டுடறேன்."

"மஞ்சக்குப்பம் போஸ்ட் ஆபீஸ் நடந்தா ஆறு நிமிஷம்."

"செல்வம் கடைக்குப் பக்கத்துலயே ஃபாரின் கொரியர் இருக்கு. சீக்கிரம் போவும்."

செல்வம் என் தம்பி, மேல வீதியில் ஜெராக்ஸ் கடை. அவன் பேரைச் சொன்னால் நான் தலையாட்டுவேன் என்று இவருக்குத் தெரியும். கால் சரியாக இருந்தால் நானே போயிருப்பேன்.

மாலை ஏழரைக்கு ஒரு வெளிநாட்டு நம்பர். போனோடு மொட்டை மாடிக்குப் போனார். படியில் நின்று கேட்டேன்.

"சரி தம்பி... அதெல்லாம் இல்ல தம்பி... வீட்ல தெரியும் தம்பி."

வீட்டில் என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னாரா, தெரியாததையா?

அவன் பண்ருட்டி என்பதே பொய்யாக இருக்கலாம். பலாப்பழம் பற்றிப் பேசப் பண்ருட்டியில் பிறக்க வேண்டியதில்லை.

ஜூன் 12, வியாழன்

எட்டரை பஸ்ஸுக்குப் போனார். கவரை நானே ஒட்டி, முகவரியும் நானே எழுதிக் கொடுத்தேன்.

கேஸ் வந்துவிட்டது. பழைய பேப்பர்காரன் தராசு சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.

மதியம் செல்வத்துக்குப் போன், சும்மா விசாரிப்பது மாதிரி.

"மச்சான் வந்தாரு அக்கா. ஒரு மணி நேரமா இங்கதான் உக்காந்து எழுதினாரு. பேனா தீந்துபோயி என் பேனாவ வாங்கிக்கிட்டாரு."

"என்னா எழுதினாரு?"

"சங்கத்துக்கு மனு போலருக்கு, நான் பாக்கல. கலர்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்தாரு. நீச்சல் குளம் போட்ட படம்."

பென்ஷனர் சங்கத்துக்கு எதற்கு நீச்சல் குளம்?

ஐந்து மணிக்கு வந்தார். கையில் கொத்சு பொட்டலம், எனக்குப் பிடித்த கடையிலிருந்து. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்காமல் கொத்சு வந்தது இரண்டே தடவை. ஒரு தடவை ஸ்கூட்டரைச் சுவரில் மோதிவிட்டு வந்தார். இன்னொரு தடவை எதற்கென்று இன்று வரை தெரியாது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சி."

"ரசீது?"

"பையில எங்கியாச்சும் இருக்கும்."

கொத்சு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பத்திலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. கால் வீக்கம் குறைவு.

மூன்றாவது தடவை கேட்ட பிறகு ரசீது வந்தது. மங்கல் அச்சு. சிதம்பரம், நேற்றைய தேதி, யு.எஸ்.ஏ. அவ்வளவுதான் தெரிகிறது. அப்பாடா என்றிருந்தது. கட்டின புருஷனை இப்படிச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ரசீதை இந்த டைரிக்குள் வைத்தேன்.

மாலை ஏழரை. இவர் குளிக்கிறார். அதே நம்பர். நான் எடுத்தேன், குரலில் சர்க்கரை போட்டு.

"வணக்கம் அத்தை, தினேஷ் பேசறேன். மாமா இல்லீங்களா?"

"குளிக்கிறாங்க. சொல்லுப்பா."

"திங்கக்கிழம மாமாவுக்கு வெல்கம் கிட் அனுப்புறோம் அத்தை. யார் யார் பேரு போடணும்னு கேக்கத்தான்."

திங்கட்கிழமை. கெடு முடிந்த மறுநாள்.

"நாங்கதான் கேன்சல் பண்ணி லெட்டர் போட்டாச்சே."

"அப்பிடிங்களா? மாமா சொல்லலியே. நேத்து சாய்ந்தரம்கூட பேசினாரு. கிச்சன்ல இட்லி குக்கர் வெக்க வசதி இருக்கான்னு கேட்டாரு."

நேற்று சாயங்காலம். கடிதம் போட்டுவிட்டு வந்த பிறகு.

"மனசு மாறிட்டா பரவால்ல அத்தை, அது உங்க இஷ்டம். ஒரு பெட்ரூம் போதும், கம்மியா முடியும்னு நான்கூட சொன்னேன். மாமாதான் ரெண்டு வேணும்னாரு. பையன், மருமக, பேத்தி மூணு பேரும் வந்து தங்கணும், நம்ம வீட்டுல வெச்சி நம்ம பாத்துக்கணும்னாரு."

வைத்துவிட்டேன். இப்படியெல்லாம் பேச அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். ஆனால் இட்லி குக்கர் எந்தப் பயிற்சியிலும் இருக்காது. அது இவர்தான்.

குளித்துவிட்டு வந்தவரிடம் கேட்கவில்லை. "போன் அடிச்சுதா?" என்றார். கேஸ்காரன் என்றேன்.

ஜூன் 14, சனி

காலை ஏழு மணி. வாசல் வெளிச்சத்தில் ரசீது, பூதக்கண்ணாடி. போகிற இடத்தின் பின்கோடு கடைசி இரண்டு எண் 47. ஒப்பந்தத்தில் இருப்பது 19. 47 எனக்கு மனப்பாடம். ஐந்து வருஷமாக ஊறுகாய்ப் பார்சல் மேல் என் கையால் எழுதுகிற நம்பர்.

இவர் பேப்பர் விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பேப்பர் மேல் ரசீதை வைத்தேன்.

"இது பிரபு வீட்டு பின்கோடு."

"ஆமா."

"நான் குடுத்த லெட்டரு?"

எழுந்து போய் பென்ஷன் ஃபைலிலிருந்து எடுத்துவந்தார். நான் ஒட்டியது ஒட்டியபடி.

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாரிடம் போய் நிற்பது, பாதி பென்ஷனில் எப்படிச் சாப்பிடுவது, நாம் போன பிறகு அவன் தலையில் ஏன் கட்ட வேண்டும், எல்லாம் கேட்டேன். முடிக்கிற வரை நகவெட்டியை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரு வாரம் விஜி. வருஷத்துல ஒரே ஒரு வாரம். நம்ம எடம்னா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பாத்ரூம் போவலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. அவன் வீட்லேர்ந்து இருபது நிமிஷம்தான். அவுங்க நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வருவாங்க."

நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு போன்ல எண்ணிச்சே. இன்னும் பதினேழு நாளுன்னு."

அங்கே போய் ஒன்பதாம் நாள். நித்யா அடுப்படியில் நின்று யாரிடமோ இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு நன்றாகக் கேட்டது. இவருக்கு இடது காது மந்தம், கேட்டிருக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று மதியம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருவரும் கேரட் நறுக்கினோம்.

அழுதுவிட்டேன். நான் அழுதால் இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வா. மத்தியானத்தோட போஸ்ட் ஆபீஸ் மூடிடுவாங்க."

இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன், என்னுடையது இன்னும் இறுக்குகிறது. கவுண்டரில் இவரே கவரை நீட்டினார். இன்றைய தேதி முத்திரை என் கண் முன்னால் விழுந்தது. ரசீதை நான் வாங்கிக்கொண்டேன். எண் சரி, முகவரி சரி, 19.

திரும்பினால் இவர் நகரவில்லை. கவுண்டர் பெண்ணிடம், "ஏம்மா, போட்ட லெட்டர திரும்பி வாங்க முடியுமா?" என்றார்.

"இப்ப போட்டதுங்களா சார்?"

"இது இல்ல. வியாழக்கிழம போட்டது. கொரியர்ல."

"அத அங்கதான் சார் கேக்கணும்."

வழியில் இரண்டு இளநீர். மகனுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. அந்த வாரம் லீவு கெடைக்குமான்னு கேட்டேன்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

கெடு நாள். கம்பெனியிலிருந்து போன் இல்லை. இல்லாததும் உறுத்துகிறது. ரசீதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

திருவந்திபுரம் கோயிலில் எதிர்வீட்டுப் பெண் கல்யாணம். மலைப்படியில் மட்டும் ஏழெட்டு ஜோடி, எங்கள் பெண்ணைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் இவரிடம், "அமெரிக்கா எப்பிடி சார்? பையன் நல்லா பாத்துக்கிட்டானா?"

"எங்க விட்டான்? இன்னும் ஒரு மாசம் இருங்கப்பான்னு ஒரே பிடிவாதம். நாங்கதான் டிக்கெட்ட மாத்த முடியாதுன்னு வந்துட்டோம்."

சரளமாக வந்தது. இவருக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. தன் இலைக்கு வந்த ஜாங்கிரியை என் இலையில் வைத்தார்.

ஜூன் 18, புதன்

விடிகாலை நல்ல மழை. துணி முழுக்க நனைந்தது. பால்காரன் வரவில்லை.

கடிதம் தில்லி தாண்டிவிட்டதாக நெட்டில் காட்டுகிறது.

ஏழே முக்காலுக்கு பிரபு. என் போனில்.

"அம்மா, அப்பா லெட்டர் போட்டிருக்காரு. நாலு பக்கம், படம்லாம் வெச்சி. ரிசார்ட்டு வாங்கினீங்களா என்ன?"

"கேன்சல் பண்ணியாச்சிப்பா."

"நல்ல வேள." பெருமூச்சு இங்கே கேட்டது. "முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல. மார்ச்ல நித்யாவோட அப்பா அம்மா வர்றாங்கம்மா. ஆறு மாசம் இருக்கப் போறாங்க. அவுங்கள விட்டுட்டு நாங்க எப்பிடி அங்க வந்து தங்கறது?"

ஆறு மாசம். பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று மட்டும் கேட்டேன். விட்டுவிட்டதாம்.

"அப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

இவர் பின்கட்டில், மழையில் சாய்ந்த செம்பருத்திக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"பிரபுவா? லெட்டர் வந்துச்சாமா?"

"வந்துச்சாம்."

"என்னா சொன்னான்?"

"சந்தோஷப்பட்டான். ரிசார்ட்டெல்லாம் எதுக்கு, மார்ச்ல லீவு போட்டுட்டு நாங்களே கடலூருக்கு வர்றோம்னு சொல்றான்."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

உடனே நம்பிவிட்டார்.