வாடி, மல்லி!

என் வள்ளியக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படி? இங்கே திருமயத்தில், கோட்டைப் பாறை மத்தியானம் குடித்த வெயிலையெல்லாம் பொழுது சாயும்போது மெல்ல நம் மாடிப்பக்கம் ஊதிவிடுகிறது. அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் உன் குண்டுமல்லி. எங்கள் இரண்டு பேருக்கும் அரைத் தூக்கம்.

முதலில் கோள் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மறுவாரமே ஆத்தா மல்லித் தொட்டியை மாடியிலிருந்து இறக்கிவிட்டாள். "பச்சப்புள்ள, வெயில்ல கெடந்து துடிக்குது" என்று முற்றத்து நிழலில் வைத்தாள். காலையில் ஒரு செம்பு, உச்சியில் ஒரு செம்பு, விளக்கு வைத்ததும் ஒரு செம்பு. இலைதான் வந்தது, அதுவும் மஞ்சள் பூசிக் குளித்த இலை. மொட்டைத் தேடினால் மொட்டைதான்.

நீ இருந்தால் விடுவாயா? பகல் முழுக்க வெயில் படணும், மண் காயணும், இலை துவளணும், அப்புறம்தான் தண்ணீர் என்பாய். "வாடட்டும்டி. வாடினாத்தான் பூ வரும்." ஆத்தா உன்னைக் கூப்பிடுவதோ எப்போதும் "வாடி". "நீயும் மல்லியும் ஒண்ணுதான் அக்கா, வாடின்னாத்தான் வருவீங்க" என்று சொல்லி உன்னிடம் குட்டு வாங்கினேனே, அந்தத் தலை இன்னும் இருக்கிறது. குட்டத்தான் ஆளில்லை.

நாலாவது பாரம் படிக்கும்போது பள்ளிக்கூட மணியையே ஒளித்து எல்லாருக்கும் தண்ணி காட்டியவள் நான். ஆத்தாவுக்குக் காட்ட முடியாதா? செம்பை ஒளித்தேன். குடத்தோடு வந்தாள். பிறகு செம்பின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். கிணற்றடியிலிருந்து வருவதற்குள் காலியாகிவிடும், சிரிக்கலாம் என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். அக்கா, அவள் ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு, கைக்குழந்தையை ஏந்தி வருவதுபோல வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செடி அழுகுது ஆத்தா. போதும்."

"தண்ணி தண்ணின்னு கேட்டாளேடி. காய்ச்சலுக்கு ஆகாதுன்னு ஊரே சொல்லுச்சு, நான் பானைய மூடி வச்சேன். அவ கேட்டப்பக் குடுக்கல. இதுக்காவது குடுக்குறேன், விடு."

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? மல்லி பிழைக்க ஆத்தா கையிலிருந்து செம்பைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் அந்தக் கை என்ன செய்யும்?

அன்று மத்தியானம், தூங்கினேனோ விழித்திருந்தேனோ, நீ கிணற்றடிச் சேற்றில் கால் புதைய நின்று, பாவாடையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாய். எழுந்து ஓடினேன். நீ நின்ற இடத்தில் கல்வாழை. துவைக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர் எல்லாம் அதன் காலடியில்தான். கல்லுமில்லை, வாழையுமில்லை, குடிப்பதில் மட்டும் கோடை மாடு! கிழங்கோடு பெயர்த்து வந்து, முற்றத்தில் தொட்டி இருந்த இடத்தில் நட்டேன். மல்லி மாடியேறியது.

ஆத்தா செம்போடு வந்து திகைத்தாள்.

"எங்கடி என் செடி?"

"அது வெயில் குடிக்கப் போயிருக்கு. நீ இவளுக்கு ஊத்து ஆத்தா. எம்புட்டு ஊத்தினாலும் வேணாங்க மாட்டா."

"போக்கிரி" என்றாள். ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது. இன்னொரு செம்பு, அதையும் குடித்தது. நீ போன பிறகு அன்றுதான் ஆத்தா வாய்விட்டு அழுதாள்.

இப்போது முற்றத்தில் கல்வாழை சிவப்பாய்ப் பூத்து நிற்கிறது. மேலே மல்லி காய்ந்தது. இலை துவண்ட அன்று வயிறு நிறைய ஊற்றினேன். இன்று மொட்டுகள், அரிசி அரிசியாய். சற்று முன் ஆத்தா படியேறி வந்தாள், கையில் செம்பில்லாமல். ஒரு மொட்டை விரல் நுனியால் தொட்டு, "வாடி" என்றாள்.

இத்தனை நாள் அந்தச் சொல் இந்த வீட்டில் விழவே இல்லை. யாரைக் கூப்பிட்டாள்? மல்லியையா, என்னையா, உன்னையா? மூன்று பேருக்குமாக நானே எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா. வருஷா வருஷம் மல்லியை வாட விடுவேன். ஆத்தாவை விட மாட்டேன்.

உன் குட்டுக்குத் தலையை நீட்டியபடி,
உன் தங்கச்சி மீனாள்