பல்லால் கேட்டவனுக்கு

இன்று காலை சாமான் பெட்டியைக் கவிழ்த்தேன். மழைக்கு முன்னால் ஸ்பேனர்களுக்கெல்லாம் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் நம் ஊர்க் காற்று என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாதா? அடியில் கிடந்தது உன்னுடைய நீள ஸ்க்ரூடிரைவர். மரக் கைப்பிடியில் உன் பல் தடம் அப்படியே இருக்கிறது. மேலே இரண்டு, கீழே மூன்று. போன ஐப்பசியில் நீ போனபோது அழாதவன், இன்று உன் பல் தடத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதே.

தெரியாதவர்கள் பார்த்தால் நாய் கடித்தது என்பார்கள். பாண்டியில் நாம் இருவரும் வேலை செய்த லாரி பட்டறையின் சத்தம் உன் இடது காதை முழுசாகவும் வலது காதைப் பாதியாகவும் தின்றுவிட்டிருந்தது. மற்ற மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பார்கள். நீ கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வாய். "எலும்பு வழியா வருதுடா" என்பாய். ஊரே உன்னைச் செவிட்டு மெக்கானிக் என்றது. நான் மட்டும் என்ன யோக்கியம், நானும்தான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் அந்தப் பட்டறையை விட்டுவிட்டு, மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டோம். ஒரு வருஷம் வரை பஞ்சர், பிரேக், உப்பு லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, அவ்வளவுதான். இன்ஜின் வேலை என்றால் எல்லாரும் பாண்டிக்குத்தான் போவார்கள். அப்போதுதான் பாய் வந்தார். ஊரின் ஒரே வாடகைக் கார் அவருடையது. பழைய கார், நாம் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் வாங்கியது. புகை கக்க ஆரம்பித்திருந்தது.

"பாண்டியில வுட்டா பக்கத்துல நின்னு பார்க்க முடியாதுப்பா. நீங்களே பிரிங்க" என்றார்.

அந்த ஒரு இன்ஜின் ஓடினால் கொட்டகை நிற்கும். ஓடாமல் இறுகிப் பிடித்துக்கொண்டால் மறுபடியும் லாரி பட்டறைதான். நம் இருவருக்கும் அது தெரியும், அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

பிரித்தோம். இன்ஜினின் கிராங்க் தண்டைக் கடைசல் பிடிக்கப் பாண்டிக்கு அனுப்பினோம். அது திரும்பி வர இழுத்தடித்தது. கோடைக்காலம், உப்பு வாரும் நேரம். ராத்திரி துடைத்து வைத்த இரும்பு காலையில் துருவேறிச் சிவந்திருக்கும். அதனால் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். பிரித்த இன்ஜினில் எண்ணெய் போகும் ஓட்டை ஒவ்வொன்றிலும் விளக்கெண்ணெயில் நனைத்த துணியை உருட்டி அடைக்க வேண்டும். ஒவ்வொரு துணியிலும் ஒரு சாண் நூல் கட்டி வெளியே தொங்கவிட வேண்டும். "வால் இல்லாம எதையும் உள்ள வெக்காத" என்று தினமும் சொல்வாய். வால் தொங்கும் அந்த இன்ஜினைப் பார்த்து உப்பு லாரிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இன்ஜின் பிளாக் உன் பொறுப்பு, மேலே உட்காரும் ஹெட் என் பொறுப்பு.

கிராங்க் வந்தது. பூட்டினோம். முதல் தட்டிலேயே இன்ஜின் கிளம்பியது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் விறுவிறுவென ஏறி நல்ல இடத்தில் நின்றது. பாய் "மாஷா அல்லா" என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டமே போட்டேன்.

நீ மட்டும் ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொண்டு ஹெட் மூடியின் மேல் குனிந்திருந்தாய். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாய்.

"மேல காயுது" என்றாய்.

எங்கள் நான்கு நல்ல காதுகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "முள்ளு நல்லா நிக்குதேப்பா" என்றார் பாய்.

"முள்ளு பொய் சொல்லல பாய். ஆனா அது கீழ இருக்கிற சேதியத்தான் சொல்லும். மேல இன்னா நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

மூடியைக் கழற்றினாய். வால்வுகளைத் தட்டிக்கொடுக்கும் ராக்கர்கள் எல்லாம் நாம் பூட்டும்போது தடவிய எண்ணெயோடு மட்டும் இருந்தன. புதிதாக ஒரு சொட்டு ஏறவில்லை. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "மேல ஒரு டம்ளர் ஆயில் ஊத்தி அனுப்பிடலாம். ஓட ஓடத் தானா வரும்" என்றேன். பாய் காதில் விழாமல் சொல்வதாக நினைத்து உன் வலது காதுப் பக்கம் சொன்னேன். உனக்குக் கேட்கும்படி சொன்னால் ஊருக்கே கேட்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

நீ என்னைத் திட்டவில்லை. "ராக்கரைக் கழட்டு" என்றாய், அவ்வளவுதான்.

கழற்றினேன். இன்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றச் சொன்னாய். ராக்கருக்கு எண்ணெய் ஏறிவரும் ஓட்டையில் உன் விரலை வைத்திருந்தாய். விரல் காய்ந்தே இருந்தது. நான் கத்த ஆரம்பித்தேன். கடைசல் பிடித்தவன் சரியில்லை, பம்பு சரியில்லை, பாண்டியில் எவனுமே சரியில்லை. "பம்பு சரியில்லன்னா முள்ளு எப்படி ஏறும்? மத்தவன் கைய அப்புறம் பார்க்கலாம், மொதல்ல நம்ம கையப் பாரு" என்றாய். ஹெட்டையும் இறக்கினோம். மறுபடி சுற்றியபோது பிளாக்கின் ஓட்டையிலிருந்து எண்ணெய் பீறிட்டு உன் சட்டையில் அடித்தது. கீழே வழி திறந்திருந்தது. அப்படியென்றால் அடைப்பு ஹெட்டில்தான்.

ஹெட் என் பொறுப்பு.

அதைப் புரட்டி ஓட்டையில் வாய் வைத்து ஊதினாய். காற்று போகவில்லை. சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்து உள்ளே விட்டு மெதுவாக இழுத்தாய். பச்சைத் துணி வந்தது. என் மனைவியின் பழைய சேலை. வால் இருக்க வேண்டிய இடத்தில் பிளேடால் அறுத்த சுத்தமான வெட்டு.

நான்தான் அறுத்தேன். வால்வு தேய்க்கும்போது அந்த நூல் பேஸ்டில் ஒட்டி ஒட்டித் தொல்லை கொடுத்தது. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று அறுத்தேன், மறந்தேன். அந்த நிமிஷம் பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். பாய் எழுந்து வந்து உன் பக்கத்தில் நின்றார்.

நீ துணியை அவர் உள்ளங்கையில் வைத்தாய். "எங்க தப்பு பாய். நாங்க வெச்ச துணிய நாங்களே எடுக்காம வுட்டுட்டோம். இப்படியே ஓடியிருந்தா மேல எல்லாம் தேஞ்சி போயிருக்கும்" என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாய் அந்தத் துணியை விரித்து, அறுபட்ட முனையைத் தடவிப் பார்த்தார். காரை இழுத்துக்கொண்டு பாண்டிக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன். "சரி, பூட்டுங்க" என்றார்.

அவர் போனதும் உன்னிடம் சொன்னேன், நான்தான் அறுத்தேன் என்று. "தெரியும். கேஸ்கட்டுக்கு ஆள் அனுப்பு" என்றாய்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் புது கேஸ்கட் போட்டுப் பூட்டியதும் மூவருமாகக் கிளியனூர் வரை ஓட்டிப் போனோம். அங்கே சாலையோரம் புளிய மரத்தடியில் மூடியைத் திறந்தாய். ராக்கர் ஒவ்வொன்றும் எண்ணெயில் குளித்துப் பளபளவென்று இருந்தது. நீ விரலால் தொட்டு என் மூக்கில் தடவினாய். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பாய் அந்தப் பச்சைத் துணியைக் கார் சாவியில் கட்டிக்கொண்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம் ஆட்டிக் காட்டுவார். "நம்ம ஊர்ல ரெண்டு பேரு கீறானுங்க. தப்பு பண்ணா அவனுங்களே தேடிப் புடிச்சி, அவனுங்களே வந்து சொல்றானுங்க" என்பார். அடுத்த கோடைக்குள் கொட்டகையில் மூன்று இன்ஜின்கள் வால் தொங்கவிட்டு நின்றன. பாண்டியிலிருந்தே ஒன்று வந்தது. ஊர் சிரித்துவிட்டுப் போன அந்த வால்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தாலும் நிமிர்கிறது. உன் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ இருந்தபோது ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் "இன்னா?" என்று கேட்டிருப்பாய்.

போன வாரம் இடையஞ்சாவடியிலிருந்து ஒருவர் தன் ஜீப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். நான் போட்ட வாஷர் சரியாக உட்காராமல் ஆயில் ஒழுகியிருந்தது. ஒழுகிய இடத்தை அவருக்குக் காட்டி, "எங்க தப்பு சார்" என்றேன். அவர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பெஞ்சு, பெட்டி, நான்.

"எங்க தப்புன்றீங்க, உங்களைத் தவிர வேற யாரும் இல்லையே" என்றார்.

"இருக்கான் சார். காதுதான் கேக்காது."