நோன்பில் ஏறிய சர்க்கரை

அன்பு மகன் ஜாபிருக்கு, உம்மா ருக்கையா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் பரங்கிப்பேட்டையில் நானும் உன் தங்கை சாய்ராவும் சுகம், துபாயில் நீயும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். உன் வாப்பா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் இதை அங்கே திரும்புகிற அப்துல் ஹக் மாமா கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் பிரித்துப் படிக்கிற ஆள், ஒட்டு கலைந்திருந்தால் எனக்குச் சொல்.

எல்லாம் நீ அனுப்பிய சர்க்கரை மிஷினால் வந்த வினை. ரத்தம் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதால் தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா விரலைக் குத்திப் பார்த்தேன், விடியுமுன் சஹர் சோற்றுக்கு உட்காரும்போது இருந்ததைவிடக் கூடுதலாகக் காட்டியது. தண்ணீர்கூடப் படாத வாய், சர்க்கரை எங்கிருந்து ஏறும்? முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டு என் விரலைக் குத்திப் பார்த்தேன், எனக்குச் சரியாகவே காட்டியது. பிறகு சஹர் சோற்றைச் சந்தேகப்பட்டுப் பாதியாகக் குறைத்தேன், அப்படியும் ஏறியது. அதன்பின் என் புத்தி சிதம்பரத்தில் இருக்கிற அவர் துணிக்கடைக்குப் போனது. பக்கத்திலேயே தேவநாதனின் டீக்கடை, கண்ணாடிப் பெட்டி நிறைய பன். சட்டையை மோந்து பார்த்தேன், பாக்கெட்டைத் துழாவினேன், கடைசியில் கடையில ஏதாச்சும் வாயில போடுறீங்களா என்று கேட்டேவிட்டேன்.  அன்றிலிருந்து அவர் சஹருக்குத் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். அப்படியும் ஏறியதால் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் தேவநாதனையே விசாரித்தேன். அக்கா, நோம்பு மாசத்துல பாய் என் கடைப்பக்கம் திரும்பக்கூட மாட்டாரு, நேத்து தலைய சுத்துதுன்னு ஷட்டரப் புடிச்சிட்டு நின்னாரு, டீ குடுத்தேன், வாணாம்னுட்டாரு என்றார். 

சாய்ரா கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாளே, அவள்தான் படம் போட்டுக் காட்டினாள். குளுக்கோஸ் என்பது ஐந்து கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த வளையமாம், ஆறாவது கார்பன் வெளியே தொங்குமாம். சாப்பிட்டு மிஞ்சியதை உடம்பு அப்படியே விடாமல், வளையங்களைக் கிளை கிளையாகக் கோத்து கிளைகோஜன் என்று ஈரலில் சேர்த்து வைக்குமாம். மரவள்ளிக்கிழங்கு மாவாகச் சேர்ப்பதும் இதே வளையம்தானாம். நாம் சாப்பிடாதபோது ஈரல் அதை வெட்டி வெட்டி ரத்தத்தில் விடும், வாப்பாவுக்கு அதை அடக்க இன்சுலின் போதவில்லை என்றாள். அவள் வாப்பா செல்லம், அதனால் நான் நம்பாமல் டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொல்லி, வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு இப்படிக் கிடந்தால் ஒருநாள் சர்க்கரை சட்டென இறங்கி மயங்கி விழுவார், நோன்பை உடனே நிறுத்துங்கள் என்றார். திருடியது ஈரல், பழியை நான் போட்டது மனுஷன் மேல்.

வீட்டுக்கு வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறதே, விட்டுவிடுங்கள் என்று அழுதேன். இப்ப நான் நோம்ப வுட்டா நீ கேட்டது நெசம்னு ஆயிடும் என்கிறார். நம்புறேங்க என்றேன். அப்ப அந்த மிஷின் ஏன் இன்னும் உன் முந்தானையில இருக்குது என்றார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் வைத்திருக்கிறேன், அதைச் சொன்னால் என்னை நம்ப மாட்டேன் என்கிறார்.

மகனே, நீ பேசு, நீ சொன்னால் கேட்பார். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே. நீயாவது சஹர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, போன தடவை குரல் கம்மியிருந்தது, மறைக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். கடிதம் கிடைத்த அன்றே வாப்பாவைக் கூப்பிடு, தள்ளிப்போடாதே.

உன் உம்மா,
ருக்கையா