இடது பக்கத்து ஓட்டை

மார்ச் 3, ஞாயிறு

படகைக் கழுவத்தான் போனேன். கழுவி முடித்தபோது பலகையை மாற்றியே ஆகவேண்டும் என்ற முடிவோடு வந்தேன். பின்பக்கம் நாங்கள் உட்காரும் குழிக்கு இருபுறமும் உள்சுவராக நிற்கிற பிளைவுட் பலகைகள். வலது பக்கம் இன்னும் ஒருமாதிரி தாக்குப்பிடிக்கிறது. இடது பக்கத்தின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், தேநீரில் நனைந்த பிஸ்கட் போல உள்ளே போயிற்று.

மச்சான் மேலே படகுத்துறையில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். "விடுங்க மாப்ள. நாமளும்தான் உள்ளுக்குள்ள உளுத்துப்போய்க் கெடக்கோம். நம்மள யாரு மாத்துறா?"

என் மனைவியின் அண்ணன். ரிட்டயரான பி.டி. மாஸ்டர். படகில் பாதி அவருடையது. பேச்சில் முழுவதும் அவருடையது.

பி.வி.சி. போர்டு போட்டுவிடலாம் என்றேன். தண்ணீர் குடிக்காது, உளுக்காது, பெயிண்ட் செலவில்லை. பெயர்ப்பலகை செய்து பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பழகிய பொருள் வேறு ஏது? கடையிலேயே ஷீட் கிடக்கிறது. "உங்க இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று அர்த்தம். அவர் தங்கையிடமும் அந்தக் குணம் உண்டு.

மார்ச் 6, புதன்

வலது பலகையைக் கழற்றிப் போர்டின் மேல் வைத்துக் கோடு போட்டேன். அதையே கவிழ்த்துப் போட்டால் இடது பக்கம். கடையில் எல்லாவற்றுக்கும் இதுதான் என் வழி. ஒரு பக்கத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் மறுபக்கம் தானே ஒழுங்காக வந்துவிடும்.

இடது பலகையில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சான் தன் கையாலேயே வெட்டியது. பார்க்கச் சகிக்காது. மேல்விளிம்பு ஒரு திசையில் போகும், கீழ்விளிம்பு வேறு திசையில் போகும். எதற்கு மச்சான் இது என்று அன்றே கேட்டேன். "காத்து வரட்டும்னு" என்றார். திறந்த படகில், நடு ஏரியில், காற்று வர ஓட்டை! அன்று அதற்கு எலிவளை என்று பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு படகில் ஏறும்போதெல்லாம் எலி வீட்டில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் நான் உட்கார்ந்ததில்லை. அவரும் சளைக்காமல் "வெளியூர் போயிருக்கு" என்பார்.

புதுப் பலகையில் அது கிடையாது.

மார்ச் 9, சனி

வெட்டி முடித்தேன். ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. வெயிலில் இந்தப் போர்டு நீளும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, ஸ்குரு துளைகளையும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அவசரக்காரர்கள் இறுக்கி முடுக்கிவிட்டுப் போவார்கள், கோடையில் போர்டு தொப்பை போட்டுக்கொண்டு நிற்கும். என் வேலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 16, சனி

மாட்டியாயிற்று. மூலைகளுக்குச் சிலிக்கான் பசையும் பூசியாயிற்று. வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பழைய பலகைகளைத் துறைக்குப் பின்னாலிருக்கும் குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்தேன்.

நாளைக்கு மச்சானை வரச்சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதவும் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

வந்தார். துறையில் நின்று குழிக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டை எங்க மாப்ள?" என்றார். நான் இருக்கிறேனே, நான்! "எலி வீட்டைக் காலி பண்ணியாச்சு மச்சான்" என்றேன். சிரித்தார். நல்லா இருக்கு, சுத்தமா இருக்கு என்றார். பிறகு, "இன்னிக்கு வேண்டாமே, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றார். வெயிலைப் பார்த்து இவர் என்றைக்குப் பயந்தார்? விடாமல் வற்புறுத்தினேன். துறையின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, வழுக்கினாற்போல இறங்கினார். "என்ன மச்சான், சின்னப்புள்ள மாதிரி" என்று அதற்கும் ஒரு கிண்டல்.

ஏரியில் ஒரு குறையும் இல்லை. வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்து அவர்தான் ஓட்டினார். திரும்பி வந்து நான் கயிற்றோடு துறைமேல் தாவினேன். அவர் எழுந்தார். அவருடைய இடது கை பின்னால் போயிற்று, பார்க்காமலே, ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக. அங்கே வழவழவென்று என் போர்டு. உள்ளங்கை அதில் சறுக்கிக்கொண்டே போயிற்று. அப்புறம் சத்தம்.

நான் முதலில் எதைப் பார்த்தேன்? போர்டைப் பார்த்தேன். "போர்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று வாய் முந்திக்கொண்டது. கீழே கிடந்த மனுஷன் சொல்றார்: "ஒண்ணும் ஆகல மாப்ள. கெட்டியாத்தான் இருக்கு."

சே. நானெல்லாம் ஒரு ஆளா?

மார்ச் 18, திங்கள்

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. போன் பண்ணினேன். தூங்குகிறார் என்றார்கள்.

மார்ச் 20, புதன்

அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று பேசினாள்.

"அண்ணனுக்கு இடது கால் ரொம்ப நாளாவே சரியில்லையாம். முதுகுல ஏதோ நரம்பு. நிக்கும்போது திடீர்னு காலே இல்லாத மாதிரி ஆயிடுமாம். வீட்டுல பாத்ரூம்ல, கட்டில் பக்கத்துல, எல்லா எடத்துலயும் கைப்பிடி போட்டு வச்சிருக்கார். கேட்டா துணி காயப்போடன்னு சொன்னாராம். அண்ணிக்கே போன வருஷந்தான் தெரியும்."

"படகுல இருந்த ஓட்டையும் அதானே?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

மார்ச் 21, வியாழன்

குப்பைமேட்டில் பழைய பலகை இன்னும் கிடந்தது. தேடி எடுத்தேன். அடிப்பகுதி கையோடு உதிர்ந்தது, மேல்பாதி முழுசாக இருந்தது. ஓட்டையின் கீழ்விளிம்பு சொரசொரவென்று, அறுத்தபடியே கிடக்கிறது. மேல்விளிம்பு அப்படியில்லை. யாரோ நிதானமாக உப்புத்தாள் போட்டு உருட்டியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தால் லேசாக நாலு பள்ளம் தெரிகிறது, விரல்கள் பதிகிற இடம். என் விரல்களை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப் போயின. அவர் கை பெரியது.

விளிம்பின் கோணலும் சும்மா வந்ததில்லை. அவர் எழுந்திருக்கும்போது கை எந்தச் சாய்வில் வருமோ அந்தச் சாய்வில் வெட்டியிருக்கிறார். பலகைக்குச் சுற்றிலும் இடம் விடத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்! அவர் கை எங்கே போகிறது என்று ஒருநாளாவது பார்த்தேனா? எலி இருக்கிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூட மைதானத்தில் உட்காருவது போலவே. என்னவெல்லாமோ சொல்லத் தயார் செய்துகொண்டு போனேன். "ஏன் மச்சான் எங்கிட்டச் சொல்லல?" என்பதுதான் வந்தது. அதுவும் அவர் மேல் குற்றம் சொல்வதுபோல.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"புடிச்சு எறக்கியிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றார். "வீட்டுல எல்லாரும் நான் எந்திரிச்சாலே கூட எந்திரிக்கிறாங்க மாப்ள. படகுல நீங்க ஒருத்தர்தான் என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. அது கெட்டுப்போக வேணாம்னு பாத்தேன்" என்றார்.

மன்னிச்சுக்குங்க என்றேன். "எதுக்கு? எலிக்கா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 30, சனி

கடையை அரைநாள் மூடினேன். இடது போர்டைக் கழற்றி, பழைய பலகையை அதன் மேல் வைத்து, அந்த ஓட்டையை அப்படியே கோடு போட்டேன். கோணலை நேராக்கவில்லை. என் கை நேராக்கப் பார்த்தது, விடவில்லை. ஜிக்சா ரம்பத்தால் வெட்டி, மேல்விளிம்பை உருட்டினேன். இந்தப் போர்டு தனியாக ஓர் ஆளின் எடையைத் தாங்காது, பின்பக்கம் ஒரு மரச்சட்டம் கொடுத்து ஸ்குரு போட்டேன். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 31, ஞாயிறு

பதில் இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

அவரே போன் பண்ணினார். "போட்டோ பாத்தேன். அச்சு அசலா இருக்கு. என்னை மாதிரியே கோணலா வெட்டிட்டீங்க." பிறகு, "வித்துடலாம் மாப்ள" என்றார்.

கை சரியானதும் போகலாமே என்றேன். "கை சரியாயிடும். கால் கையக் கேக்காதே" என்றார். அன்றைக்கு விழுந்தபோதே தெரிந்துவிட்டதாம். அந்தப் பிடி இருந்திருந்தாலும் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும், அவ்வளவுதான் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு அந்த ஒரு வருஷம்தான் காதில் விழுந்தது. அந்த ஒரு வருஷத்தை நான்தானே வெள்ளைப் போர்டு போட்டு அடைத்தேன்?

அவளிடம் சொன்னேன். சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். "அண்ணன் இஷ்டம்" என்றாள்.

மே 5, ஞாயிறு

படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பாதியில் திரும்பிவிட்டேன். எதிரில் ஆளில்லாமல் எதைப் பேசுவது?

மே 19, ஞாயிறு

ஒரு பல் டாக்டர் படகு பார்க்க வந்தார். மச்சானும் வந்தார், ஊன்றுகோலோடு. படகில் இறங்கவில்லை, துறையில் நின்றார். வெளியே ஊன்றுகோல் வைத்துக்கொள்ள ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை எங்கே வைப்பது என்று இன்னும் பழகவில்லை அவருக்கு.

டாக்டர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். போர்டு வேலை ரொம்பச் சுத்தம் என்றார். பிறகு இடது பக்கம் குனிந்தார். "இவ்வளவு அழகாச் செஞ்சுட்டு, இங்க மட்டும் ஏன் இப்படிக் கோணலா ஒரு ஓட்டை? எதுக்கு இது?"

மச்சான் ஏரியைப் பார்த்தார். ஊன்றுகோல் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போயிற்று.

"காத்து வரட்டும்னு" என்றேன்.

"படகுலயா?" டாக்டர் சிரித்துவிட்டார்.

"ஆமா சார். நான்தான் வெட்டினேன். கை கோணிடுச்சு."

ஒரு சின்ன மூடி போட்டு அடைத்துக்கொள்ளலாம் என்றார். "வேணாம் சார், அப்படியே இருக்கட்டும். எப்பவாவது உதவும்" என்றேன். டாக்டர் தலையாட்டினார். விலை படிந்தது, படகு போய்விட்டது.

கார் வரைக்கும் நடந்தோம். துறைப் பலகைகள் அங்கங்கே தூக்கிக்கொண்டு நிற்கும். நான் கையை நீட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாதி வழியில் என் முழங்கைக்கு மேல் நாலு விரல் வந்து அழுந்தியது.

"வெயில் ஜாஸ்தி மாப்ள" என்றார்.

"ஆமா மச்சான்" என்றேன். மெதுவாக நடந்தேன்.