மணல் கஞ்சியாகுமா

18 செப்டம்பர் 1983, ஞாயிறு
தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனேன். பின்வரிசையில் லாசரஸ். கூடப்பிறந்த தம்பிதான். சுமத்ரா பக்கம் கடலில் எண்ணெய் தோண்டும் மேடைக்கு என் வீட்டுக்காரரை வேலைக்குக் கூட்டிப்போய், தான் மட்டும் திரும்பி வந்தவன். நற்கருணை நன்மை வாங்கப் போகையில் எனக்கு வழிவிட்டு நின்றான். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

21 செப்டம்பர்
மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியவில்லை.

25 செப்டம்பர்
லாசரஸ் கிளமெண்டியில் என் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டான். கம்பிக் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றே சொன்னான்.
"நிலநடுக்கம்க்கா. மேடைக்கு மூணு காலு, மூணும் கடலடி மணல்ல நிக்குது. ஆடுன ஆட்டத்துல மணல் கஞ்சியாயிடுச்சு. மச்சான் நின்ன பக்கத்துக் காலு பொதக்குன்னு இறங்கிருச்சு லா."
மணல் கஞ்சியாகுமா? படிக்காதவள் என்றால் என்னவும் சொல்லலாமா? அத்தனை இரும்பை மாதக்கணக்காய்த் தாங்கின மணல் — ஒரே ஆட்டத்தில்? அன்றைக்கு இந்த பிளாக்கில்கூட விளக்கு ஆடியதாம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.
"நீ கைய விட்டுட்டே. அதச் சொல்லு."
"பிடிக்கவே நேரமில்லக்கா."
பொய். சின்னதிலிருந்தே பொய் சொன்னால் காதைத் தொடுவான். தொட்டானா? கம்பிக்கு நடுவே சரியாகத் தெரியவில்லை.

12 அக்டோபர்
பக்கத்து வீட்டு ஜரீனா, "தம்பி முகத்த பார்த்தா பாவமா இருக்கு" என்றாள். உன் புருஷன் தினம் வீட்டுக்கு வருகிறான். நீ பேசுவாய்.

2 நவம்பர்
கல்லறைத் திருநாள். ஊரில் எல்லாருக்கும் மெழுகுவத்தி நட ஒரு குழி இருக்கிறது. இவர் உடம்பே கிடைக்கவில்லை. பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனேன். அலை நனைத்த மணலில் பெரிய வத்தியாக நட்டேன். கெட்டியாக நின்றது. திரும்பினால் லாசரஸ், அவன் கையிலும் ஒரு வத்தி.
"இங்கயும் வந்துட்டியா? போடா! எனக்குத் தம்பியே இல்ல!"
வாய் போதவில்லை. காலால் மணலை மிதிமிதியென்று மிதித்தேன். தண்ணீர் ஊறி மேலே வந்தது. மணல் கொழகொழத்தது. வத்தி சாய்ந்து, ஒரு பக்கமாய் இறங்கி, அணைந்துபோனது.
வத்திக்குக் கையெட்டும் தூரத்தில்தான் அவன் நின்றான். பிடிக்கவில்லை.
நானும்தான் பிடிக்கவில்லை.

6 நவம்பர், ஞாயிறு
லாசரஸ் வந்தான். கம்பிக் கதவைத் திறந்தேன். சிரிக்கவெல்லாம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தூசி போகக் காலைத் தரையில் தட்டினான்.
"தட்டாதே. உள்ள வந்து கழுவு. சோறு ஆறுது."